மழைக்கு ஒழுகும் வாடகை வீட்டைப் பாதியில் காலி செய்வது: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி குடித்தனக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஓசூரில் நாங்கள் இருந்த மாடி போர்ஷனில், ஒரு ஐப்பசி இரவு, அடுப்பு மேடைக்கு நேர் மேலே இருந்த சிமெண்ட் பூச்சு தோசைக்கல் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்தில் மாவுக் குண்டான் இருந்தது, நல்லவேளையாக ஆள் இல்லை. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி இரண்டு தெரிந்தது. ஓனருக்கு போன் போட்டேன். "மழைக்கு அப்படித்தாங்க இருக்கும், வெயில் வந்தா சரியாயிடும்" என்றார். ஒப்பந்தத்தில் இன்னும் 7 மாதம் பாக்கி. மாத வாடகை 7,500 ரூபாய், அட்வான்ஸ் 60,000 அவர் கையில்.

வீட்டைவிட்டு வெளியே வருவது பெரிய வேலை இல்லை. ஒரு மினி லாரியும் இரண்டு ஆளும் போதும். அந்த 60,000 நம்மோடு சேர்ந்து வெளியே வர வேண்டும் என்றால்தான் சிக்கல். எதை எழுதிக் கொடுத்தோம், எந்தத் தேதியில் கொடுத்தோம், சாவி எப்போது யார் கைக்குப் போனது, இந்த மூன்றில்தான் பணம் நிற்கிறது. நான் இந்த வரிசையில் கோட்டைவிட்டு 15,000 ரூபாய் இழந்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

உங்களுடையது வாடகையா, லீஸா?

நம் பக்கத்தில் லீஸ் என்றால் பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம் கிடையாது. மொத்தமாக 3 லட்சமோ 5 லட்சமோ கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, கிளம்பும்போது முழுத் தொகையையும் திரும்ப வாங்குவது. பழைய பேர் ஒத்தி, சிலர் போக்கியம் என்பார்கள். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் ஓசூரில் இது சகஜம். அதேபோல் 8 மாதம், 10 மாதம் அட்வான்ஸ் வாங்கும் பழக்கமும் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இரண்டுக்கும் வழி வேறு. மாத வாடகை என்றால் சாவியைச் சீக்கிரம் ஒப்படைப்பது உங்களுக்கு நல்லது, அன்றிலிருந்துதான் அட்வான்ஸ் திரும்பி வரவேண்டிய நாள் எண்ணப்படும். ஒத்தி என்றால் சாவிதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. குடும்பத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடுங்கள், பொருளையும் எடுத்துவிடுங்கள். ஆனால் பூட்டும் சாவியும் உங்களிடமே இருக்கட்டும், பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நாளில்தான் கைமாற வேண்டும். இன்னொன்று: சொத்தை ஈடாக வைத்துப் பணம் வாங்கும் ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். வெறும் பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கி 5 லட்சம் கொடுத்தவர்கள், வீட்டைக் குறை சொல்லி முதல் கடிதம் எழுதும் முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. மற்ற விஷயங்கள் மாத வாடகைக்காரர்களுக்கானவை.

வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது?

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று தனிச் சட்டம் 2017 இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது நகர்ப்புறத்துக்கானது: ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி, தருமபுரி மாதிரி நகராட்சிகள், பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், பர்கூர் போன்ற பேரூராட்சிகள். சிப்காட்டைச் சுற்றி முளைத்திருக்கும் லைன் வீடுகளில் பல கிராம ஊராட்சி எல்லையில் வரும். வீட்டு வரி ரசீதை எட்டிப் பார்த்தால் எந்த எல்லை என்று தெரிந்துவிடும்.

ஊராட்சி எல்லையில் இருப்பவர்களுக்கு 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் துணை. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாதபோது, மாத வாடகைக் குடித்தனத்தை 15 நாள் எழுத்து நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம். தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ வீடு இனி குடியிருக்கவே லாயக்கில்லை என்று ஆகிவிட்டால், குத்தகை செல்லாது என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

நகர எல்லையில் இருந்தால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ரெண்ட் அத்தாரிட்டி என்று சொல்லப்படும் வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்கவும் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியைத்தான் இந்தப் பொறுப்பில் போடுவார்கள். ஆகவே ஓசூர்க்காரர்கள் சார் ஆட்சியர் அலுவலகத்திலும், கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர்க்காரர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் விசாரிக்கத் தொடங்கலாம். நம்மில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது புரோக்கர் டைப் அடித்துக் கொடுத்த 11 மாத அக்ரிமெண்ட், பதிவெல்லாம் கிடையாது. பதியாத ஒப்பந்தத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்காக மனதை விட வேண்டாம். மாதாமாதம் ஜிபேயில் போன வாடகை, அட்வான்ஸ் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், ஓனரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் இருக்கிறதே. அவற்றை இன்றைக்கே ஒரு மெயிலில் போட்டு உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

எது ஆபத்து, எது வெறும் எரிச்சல்?

இதை நேர்மையாகப் பிரித்துக்கொள்ளாமல் சண்டைக்குப் போனால் பாதியில் சறுக்கும். 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யார் வேலை எது என்று பட்டியலே இருக்கிறது. கட்டட அமைப்பில் வரும் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் ஒயரிங், இவை ஓனருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கக்கூஸ் பீங்கான், வாஷ்பேசின், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாம் நம் தலையில். கீசர் வேலை செய்யவில்லை என்று சொல்லி வீட்டைப் பாதியில் விட முடியாது.

அன்றைக்கே ஆளை வெளியேற்ற வேண்டிய அறிகுறிகள் மூன்று என் கணக்கில்.

ஒன்று, கூரையில் கம்பி தெரிவது. மேல் மாடி பாத்ரூமிலிருந்து நீர் கசிந்து கான்கிரீட்டுக்குள் இறங்கும்போது கம்பி துருப்பிடிக்கிறது. துரு, பழைய இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து உப்பி, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். வெயில் வந்தால் ஈரம் காயுமே தவிர துரு போகாது. ஒட்டடைக் கம்பின் கைப்பிடியால் கூரையைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் டக் டக் என்று கேட்கும், உப்பிய இடத்தில் காலி டப்பாவைத் தட்டியதுபோல் கேட்கும். தட்டும்போது அதற்கு நேர் கீழே நிற்காதீர்கள், நான் நின்றேன்.

இரண்டு, மின்சாரம். குழாயைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது, ஈரச் சுவரில் டெஸ்டர் எரிவது, மீட்டர் பெட்டிக்குள் மழை நீர் இறங்குவது. மெயினை அணைத்துவிட்டு மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்து புகார் எண் வாங்குங்கள். வாரியத்தின் பொறுப்பு மீட்டர் வரைதான், அதற்குப் பின்னால் இருக்கும் ஒயரிங் ஓனருடையது. ஆனாலும் அந்தப் புகார் எண்ணும் தேதியும் பின்னால் கைகொடுக்கும்.

மூன்று, சுவரில் சாய்வாக ஓடும் விரிசல். பூச்சில் மயிரிழையாகத் தெரிவது எல்லா வீட்டிலும் உண்டு, அதை விட்டுவிடலாம். விரல் நுனி நுழையும் விரிசலின் குறுக்கே ஒரு தாளை இறுக்கமாக ஒட்டி, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். பத்து நாளில் தாள் கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் இரண்டு மாவட்டத்திலும் அது ஓயாத பேச்சு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013 இல் தொடங்கி வைத்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்கக் கூடாது. ஆனால் போர் தண்ணீர் சரியில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து வீடு வாழ லாயக்கற்றது என்று வாதாடுவது கஷ்டம், ஊருக்கே அந்தத் தண்ணீர்தான் என்று ஓனர் சொல்லிவிடுவார். வருகிற நல்ல தண்ணீர்க் குழாயை அவரே அடைத்து வைத்திருந்தால் கதை வேறு. தண்ணீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதியை ஓனர் தடுத்தால் வாடகை அதிகாரியிடம் நேரடியாகவே மனு கொடுக்கலாம், இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

முதல் கடிதம்

போனில் சொன்னது சொன்னதாகாது. "பழுது பாருங்கள்" என்று எழுத்தில் கேட்டு, ஓனர் செய்ய மறுத்தால்தான் அடுத்த உரிமைகள் எல்லாம் வருகின்றன. ஆகவே காலி செய்யும் நோட்டீஸுக்கு முன்னால் பழுது கேட்கும் கடிதம். கோபத்தில் நேராக இரண்டாவதற்குத் தாவக் கூடாது.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, தங்கள் வீட்டின் முதல் மாடியில் மாதம் 7,500 ரூபாய் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். அக்டோபர் 24 இரவு 9 மணியளவில் சமையலறைக் கூரைப் பூச்சு சுமார் ஒரு அடி அகலத்துக்கு விழுந்து, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிகிறது. மேல் மாடி குளியலறைக் கசிவு ஹால் சுவரிலும் இறங்கியுள்ளது, அந்தச் சுவரில் உள்ள சுவிட்ச் பலகையில் ஷாக் அடிக்கிறது. அன்றிரவே தங்களுக்குப் போனில் தெரிவித்தேன். இதே நிலையில் சமையலறையைப் பயன்படுத்த முடியாது. இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் கசிவையும் கூரையையும் ஒயரிங்கையும் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். படங்கள் 6 இணைத்துள்ளேன்."

திட்டு, சாபம், "நீங்க செய்யற அநியாயம்" எதுவும் வேண்டாம். பின்னால் ஒரு அதிகாரி இதைப் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். தபாலில் அனுப்பிவிட்டு, அதையே படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பதிவுத் தபாலை 2025 இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், கவுண்டரில் பதிவு வசதியும் டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஓனர் வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காதீர்கள். சரியான விலாசத்துக்கு அனுப்பி, அவர் மறுத்ததாகத் தபால்காரர் குறித்திருந்தால், கிடைத்ததாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். ஃபிளாட் என்றால் லிஃப்ட், பொது ஒயரிங், சம்ப் போன்றவற்றுக்காகச் சங்கச் செயலாளருக்கும் ஒரு நகல் போடுங்கள்.

ஓனர் தரப்பிலிருந்து மூன்றில் ஒரு பதில் வரும். கொத்தனாரை அனுப்பி மேல்பூச்சு மட்டும் பூசிவிட்டுப் போவார், அப்போது பூசும் முன்பும் பின்பும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்களே பண்ணிக்குங்க, வாடகையில கழிச்சுக்குங்க" என்பார். இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது, ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. என் கணக்கில் மாதம் 3,750 ரூபாய். ஒயரிங் மாதிரி சின்ன வேலைக்குச் சரி, மேல் மாடி பாத்ரூமை உடைத்துக் கசிவை நிறுத்துவதற்கு எத்தனை மாதம் கழிப்பது? அடுத்தவர் கட்டடத்தில் நம் காசைப் போடும் இந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்றாவது பதில், மௌனம். பெரும்பாலும் இதுதான்.

பதினைந்து நாள் நோட்டீஸ்

பழுது பார்க்காவிட்டால் குடியிருக்கவே முடியாத நிலை, எழுத்தில் கேட்டும் ஓனர் மறுத்துவிட்டார். இந்த இரண்டும் சேர்ந்தால் 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து வீட்டை விட்டுவிடலாம் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் 11 மாதம் கட்டாயம், 2 மாத நோட்டீஸ் என்றெல்லாம் இருக்கிறதே என்றால், அந்தக் கெடுவெல்லாம் நல்ல வீட்டை நம் வசதிக்காகக் காலி செய்யும்போது பேசவேண்டியவை. இந்த நோட்டீஸில் முதல் கடிதத்தின் தேதி, அதற்கு வந்த பதில் அல்லது பதில் வராதது, காலி செய்யும் நாள், சாவி ஒப்படைக்கும் நேரம், அட்வான்ஸ் தொகை, உங்கள் வங்கிக் கணக்கு எண், புது விலாசம் எல்லாம் இருக்கட்டும்.

15 நாள் என்பது கடிதத்துக்கும் பணத்துக்கும்தான். கம்பி தெரியும் கூரைக்குக் கீழே குழந்தையோடு 15 நாள் படுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாமியார் வீடோ அக்கா வீடோ, அன்றைக்கே போய்விடுங்கள். போன தேதியையும் நோட்டீஸில் எழுதுங்கள்.

இதே வாரத்தில் வெளியாள் ஒருவர் எழுதிய காகிதமும் வேண்டும், நம் போன் படத்தைவிட அதற்குக் கனம் அதிகம். இடிந்து விழும் நிலைக் கட்டடத்தைப் பற்றி மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையரிடம் மனு கொடுத்து, அலுவலக முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100 இல் பதியலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு போடலாம். அந்த வரிசையில் நிற்க அரைநாள் சம்பளம் போகும், ஆனால் மனு எண் கையில் வரும். தெரிந்த சிவில் இன்ஜினியர் ஒருவர் பார்த்து, லெட்டர் பேடில் நாலு வரி எழுதிக் கொடுத்தாலும் நல்லது.

வாடகையை நிறுத்தி அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஊரில் பாதிப் பேர் செய்வது அதுதான், நடைமுறையில் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் "கழித்துக்கொள்ளுங்கள்" என்று ஓனர் ஒரு வாட்ஸ்அப் வரியாவது அனுப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாதப் பாக்கி உங்களை வெளியேற்ற அவருக்குக் காரணமாகிவிடும், உங்கள் புகார் முழுவதும் பாக்கிக்காரர் சொல்லும் சாக்காக மாறிவிடும்.

காலி செய்யும் நாள்

லாரி கிளம்பிய பின், காலி வீட்டை வாசலிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். ஒவ்வொரு அறை, கூரை, சுவிட்ச் பலகை, குழாய், கடைசியில் மீட்டர் எண். ஈபி பில்லை அன்றைய ரீடிங் வரை கணக்குப் போட்டுக் கட்டிவிடுங்கள், அல்லது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது சாவி. நான் கிளம்பிய அன்று ஓனர் ஊரில் இல்லை. அவர் அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஆயா, அண்ணன் வந்தா இதைக் குடுத்துடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிவிட்டேன். ஒரு மாதம் கழித்துக் கணக்கு பேசும்போது அவர், "சாவி என் கைக்கு வந்ததே போன வாரம்தான்" என்று சொல்லி ஒரு மாத வாடகையைக் கழித்தார். ஆயாவைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனமில்லை. "இன்ன தேதி, இன்ன நேரம், 2 சாவி பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸ் 60,000 திருப்பித் தரவேண்டியுள்ளது" என்று ஒரு துண்டுத்தாளில் ஓனர் கையெழுத்து இருந்திருந்தால் 7,500 ரூபாய் மிஞ்சியிருக்கும். அவர் வர மறுத்தால் பக்கத்து வீட்டு ஆள் ஒருவரைச் சாட்சியாக வைத்து வீட்டைப் பூட்டி, சாவியை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, அன்றே வாட்ஸ்அப்பில் ரசீதைப் போடுங்கள்.

என் இன்னொரு 7,500 பெயிண்டிங்கில் போனது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வது இங்கே எழுதாத சட்டம். எழுதிய சட்டத்தில் வெள்ளையடிப்பு ஓனர் வேலை, ஒப்பந்தத்தில் நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் தவிர. ஒழுகி நனைந்த சுவருக்கு நான் ஏன் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பணம் வராவிட்டால்

வாடகைதாரரிடம் வரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். இன்னொரு விஷயம், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் தவிர மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதே தவறு. இதைப் பேச்சுவார்த்தையில் மெதுவாக எடுத்துவிடுங்கள், குரல் தணியும்.

ஒரு மாதம் தாண்டினால் முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு. கிருஷ்ணகிரி, தருமபுரி நீதிமன்ற வளாகங்களில் மாவட்ட அலுவலகம் இருக்கிறது, ஓசூரில் வட்டக் குழு. போன் 15100. வழக்குப் போடும் முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடித்து வைப்பார்கள், கட்டணம் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. சிப்காட்டில் வேலை செய்யும் பலருக்கு இது தெரியாது. ஒப்பந்தம் பதிந்தவர்கள் வாடகை அதிகாரி, ரெண்ட் கோர்ட் என்று போகலாம். பதியாதவர்களுக்குச் சிவில் நீதிமன்றம், பணத்தைத் திரும்பக் கேட்க 3 ஆண்டு அவகாசம். பேச்சுவார்த்தையில் தொகை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் மட்டும் எழுந்து வாருங்கள், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பதற்கு எழுந்திருக்க வேண்டாம்.

எனக்கு 45,000 இரண்டு தவணையில் வந்தது. இரண்டாவது தவணை வாங்கப் போனபோது கேட்டில் டூலெட் போர்டு தொங்கியது, சமையலறைக் கூரையில் புதுப் பூச்சு, மேலே பளிச்சென்று வெள்ளை. வீடு பார்க்க வந்த ஒரு தம்பியும் அவர் மனைவியும் படியில் நின்று என்னிடம், "இங்க இருந்தீங்களாண்ணா, வீடு எப்படி?" என்று கேட்டார்கள். ஓனர் பக்கத்திலேயே நின்றார். அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டடைக் கம்பால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.